பூட்டாத கார்கள்

அன்றைய பெங்களூர் அல்சூரில் கார் வைத்திருந்தவர்களைவிடக் கார் ரிப்பேர் தெரிந்தவர்கள் அதிகம். எழுபதுகளின் தொடக்கத்தைச் சொல்கிறேன். பஜார் தெருவில் ஒரு கார் இருமிக்கொண்டு நின்றால், ஓட்டியவர் இறங்குவதற்குள் நாலு பேர் பானட்டைத் தூக்கிவிடுவார்கள். ஆளுக்கொரு கோளாறு சொல்வார்கள். நாலும் சரியாகவே இருக்கும். அந்தக் காலத்துக் காரில் எல்லாக் கோளாறும் எப்போதும் இருந்தன. இன்று அதே தெருவில் காரை நிறுத்த இடமில்லை, நின்றுபோனால் பானட்டைத் தூக்க ஆளுமில்லை. தூக்கினாலும் உள்ளே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே எஞ்சின் இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கை.

ஊர் மாறிவிட்டது என்பதற்கு ஏரியைச் சொல்வார்கள், 2011 அக்டோபரில் தலைக்கு மேல் ஓட ஆரம்பித்த மெட்ரோவைச் சொல்வார்கள், லிடோ தியேட்டர் இருந்த இடத்தில் நிற்கும் மாலைச் சொல்வார்கள். நான் சாண் நீளக் கார்களைச் சொல்வேன்.

பிளாஸ்டிக் மாடல் கிட் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு அட்டைப் பெட்டி. மூடியில் அற்புதமான ஒரு கார் படம். உள்ளே கார் இருக்காது. பாலிஸ்டைரின் சட்டங்கள் இருக்கும். கதவு, சக்கரம், ஸ்டீயரிங், சைலன்சர் என்று நிஜக் காரில் உள்ளதெல்லாம் நகத்தளவில் அந்தச் சட்டங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, பிசிறு ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்து, தண்ணீரில் நனைத்த நம்பர் பிளேட்டை நகர்த்தி உட்காரவைத்தால் கார். நான் கொண்டுவந்த முதல் கிட்டைப் பிரித்துப் பார்த்த என் அம்மா கேட்டாள்: "காசு குடுத்து உடைஞ்ச காரை வாங்கிட்டு வந்திருக்கியேடா, திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா?" இந்தப் பொழுதுபோக்குக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கக் கடை வேண்டுமே! பெங்களூரில் அப்படியொரு கடை நாங்கள் அறிந்து கிடையாது. கல்கத்தா ரஸ்ஸல் தெருவில் 'இந்தியாஸ் ஹாபி சென்டர்' இருந்தது; அங்கிருந்து பால்சா மரத்து விமானங்கள் வரும், என்.சி.சி. ஏர் விங் பையன்கள் பறக்கவிட்டு மரத்தில் மாட்டுவார்கள். அதே கல்கத்தாவில் டிங்கி கம்பெனியின் பழைய அச்சுகளை வாங்கி 'நிக்கி டாய்ஸ்' என்று உலோகக் கார் வார்த்தார்கள். அவை பூட்டி முடித்த கார்கள்; எங்களுக்கு அதில் வேலை இல்லை. வெளிநாட்டுக் கிட் வேண்டுமென்றால் அந்நியச் செலாவணி வேண்டும். கோதுமைக்கும் பெட்ரோலுக்கும் தேறாத டாலரை அல்சூர்ப் பையன் கார் ஒட்டுவதற்குத் தர அரசாங்கம் தயாராக இல்லை. நியாயம்தான்.

ஆகவே மூன்று வழிகள். முதல் வழி சிங்கப்பூர் சித்தப்பா. எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் அப்படியொருவர் உண்டு, எங்களுக்கும் இருந்தார். ஆனால் அவர் டெரிகாட்டன் துணியும் கோடாலித் தைலமும் தவிர வேறு பொருள் உலகில் இருப்பதை ஏற்காதவர். இரண்டாவது வழி மெட்ராஸ். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1969-இல் பீச் ஸ்டேஷன் பக்கம் அமைந்த பர்மா பஜாரில் கேட்டால் கிடைக்கும் என்பார்கள். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போகிற பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் டேப் ரிக்கார்டர் பார்ப்பார்கள், குடை பார்ப்பார்கள், "அந்த மாதிரி ஒண்ணும் இல்லப்பா" என்று திரும்பி வருவார்கள்.

மூன்றாவது வழிதான் பலித்தது. காக்ஸ் டவுனிலும் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கிளம்புமுன் பியானோ, சாப்பாட்டு மேஜை, கிராமபோன் எல்லாம் விலைக்கு வரும். மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும்; பிள்ளைகள் விட்டுப்போகிற பொருள்கள். அதைக் கிளற எங்களுக்கு அனுமதி. அப்படிக் கிடைத்தது ஏர்ஃபிக்ஸின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 32-இல் ஒரு பங்கு, பூட்டினால் 12 சென்டிமீட்டர். இங்கிலாந்தில் உல்வொர்த் கடைகளில் சில ஷில்லிங்குக்குத் தொங்கிய பொருள், இங்கே வந்து சேர ஒரு குடும்பம் நாடு விட்டுப் போகவேண்டியிருந்தது.

ஹெரால்டு எங்களுக்கு அந்நியக் கார் அல்ல. 1961 முதல் மெட்ராஸுக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைத்தான் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்துகொண்டிருந்தது. எங்கள் தெரு டாக்டரிடம் ஒன்று இருந்தது. ஒரு வித்தியாசம்: இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவு. நம் ஊரில் கார் என்பது பாட்டி, அத்தை, வெற்றிலைப் பெட்டியோடு ஏறுகிற இடம். இரண்டு கதவு போதாது. அறுபதுகளின் கடைசியில் வண்டலூர்க்காரர்கள் நாலு கதவு வைத்தார்கள். இந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவின் சொந்தச் சரக்கு. நானும் காம்பஸ் முள்ளால் கிட்டின் பக்கவாட்டில் கோடு கிழித்து நாலு கதவு ஆக்கினேன். தெருவில் நின்ற காரைப் பார்த்துக் கிட்டைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. என் அனுபவத்தில், தெருவில் நின்ற காருக்குக் கிட் கிடைத்ததும் அதுதான் கடைசித் தடவை.

பின்னால்தான் தெரிந்தது: நிஜ ஹெரால்டே ஒரு கிட்தான். தனியாக ஒரு சேஸிஸ். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறுக்கலாம். கழற்றிப் பெட்டியில் போட்டுக் கப்பலேற்ற, போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ள, மிக வசதி. 'சி.கே.டி.' என்பார்கள், முழுக்கக் கழற்றிய நிலை. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் ஆரம்பித்தது ஆஸ்டின் ஏ-40 கிட்டைப் பூட்டித்தான். அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பம்பாயில் வருஷக்கணக்காகப் பூட்டிக்கொண்டிருந்தன. 1953-இல் அரசாங்கம் சொல்லிவிட்டது: பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே செய்கிற திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம். இருவரும் மூட்டை கட்டினார்கள். அல்சூரில் நாங்கள் வெகு ரகசியமாகச் செய்வதாக நினைத்த காரியத்தை தேசம் இருபது வருஷம் முன்பே பெரிய அளவில் செய்து, அலுத்து, கொள்கையும் வகுத்துவிட்டிருந்தது.

பெங்களூரும் லேசுப்பட்டதல்ல. இங்கே சிபானி என்றொரு கம்பெனி 1982-இல் 'டால்ஃபின்' என்று ஒரு குட்டிக் காரை விட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் என்ற கார்தான் அது, பாடி முழுக்க ஃபைபர் கிளாஸ். எங்கள் டிங்கர் கடை அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உன் டிபார்ட்மென்ட்டு. இதுல சுத்தியலுக்கு வேலை இல்ல" என்று சாவியை என் பக்கம் நீட்டினார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பொழுதுபோக்குக்கு அன்று அல்சூரில் இருந்த ஒரே சில்லறை வியாபார நிலையம் அவருடைய டிங்கர் கடை. அவருக்கு அது தெரியாது. நாங்கள் எதற்கும் காசு கொடுத்ததில்லை என்பதால் வியாபாரம் என்று சொல்வதும் தப்பு. பசை வேண்டுமா? அவர் கடைத் தின்னர். பாலிஸ்டைரினை ஒட்டுவது பசையல்ல, கரைப்பான்; இரண்டு விளிம்பையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு அது ஆவியாகிப் போய்விடும். வெட்டிப்போட்ட சட்டத் துண்டுகளை அதே தின்னரில் ஊறப்போட்டால் குழைந்து பட்டியாகும்; இடுக்கு அடைக்க அதைவிட நல்லது இல்லை. தேய்க்க வேண்டுமா? நிஜ அம்பாசடருக்குத் தேய்த்து மழுங்கிய வாட்டர் பேப்பர், எங்கள் கார்களுக்குச் சரியான பதத்தில் கிடைக்கும். வெட்ட அப்பாவின் பழைய ஷேவிங் பிளேடு. ஏரியல் கம்பிக்கு, மெழுகுவத்தியில் சட்டத்தைக் காட்டி இளகும்போது இழுத்தால் முடி போல நூல் வரும். கடைசியில் பெயின்ட். அண்ணன் ஒரு காருக்கு அடித்து முடித்ததும் கன்னில் மிச்சம் இருப்பதை எங்கள் காருக்கு அடிப்பார். கிட்டே பிடித்து அடித்தால் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். தள்ளி நின்று தூசி படிகிற மாதிரி பலதடவை அடிப்பார். "பெயின்ட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. பட்டிதான் பெயின்ட்டு" என்பது அவர் வாக்கு. கலர் நம் கையில் இல்லை. அந்த வாரம் யாருடைய கார் கடைக்கு வந்ததோ அந்தக் கலர். அதனால்தான் எங்கள் வீட்டு ஜாகுவார் ஈ-டைப் அரசாங்க அம்பாசடரின் வெள்ளையில் இருந்தது. இங்கிலாந்து ராணியே வந்திருந்தாலும் பின்சீட்டில் ஒரு டெபுடி கமிஷனரைத் தேடியிருப்பார்.

இன்று அந்தத் தின்னருக்கு வருவோம். என் மேஜையில் இப்போது டாமியா கம்பெனியின் பச்சை மூடிக் குப்பி இருக்கிறது. நாற்பது மில்லி. மூடியிலேயே மெல்லிய பிரஷ். உள்ளே அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும். டிங்கர் கடைத் தகரத்தில் இருந்ததற்கு நெருங்கிய சொந்தம். பட்டி தனி டியூபில் வருகிறது. தேய்க்க ஸ்பாஞ்சில் ஒட்டிய பேப்பர், நம்பர் வாரியாக. ஏர்பிரஷ், அதற்குக் கம்ப்ரசர், அதன் சத்தத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டில் இருந்து வாட்ஸ்அப். ஃபெராரி சிவப்பு என்றால் ஒன்றல்ல, எந்த வருஷத்து ஃபெராரி என்று கேட்டுத் தருகிறார்கள். அண்ணன் இலவசமாகக் கொடுத்ததையெல்லாம் தனித்தனிக் குப்பியில் அடைத்தால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அந்தக் காலத்திலேயே மாடல் கடை வைத்திருந்தால் இந்திரா நகரில் வீடு வாங்கியிருப்பார்.

சரக்கு வருகிற வழியும் மாறிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் வி.ஐ.பி. சூட்கேஸ் செய்த புளோ பிளாஸ்ட் கம்பெனியின் 'லியோ', மேட்டலோடு சேர்ந்து ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தது. எம்.ஜி. ரோட்டில் கிட்ஸ் கெம்ப் போன்ற கடைகள் வந்தன. அங்கே கரடி வேஷம் போட்டவர்கள் கைகொடுத்து வரவேற்றார்கள், உள்ளே பூட்டிய கார்கள் குவிந்திருந்தன. 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி, இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டின் கடைசித் தவணையாக 715 பொருள்களை அரசு விடுவித்தது. பிறகு ஜப்பானும் ஜெர்மனியும் அமெரிக்காவும் வீட்டு வாசலுக்கே வந்தன. டாமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, ரெவெல், ஏ.எம்.டி. ஜப்பான்காரர்கள் 24-இல் ஒன்று, அதாவது அடிக்கு அரை அங்குலம். அமெரிக்கர்கள் 25-இல் ஒன்று. இந்த ஒரு பங்கு வித்தியாசத்துக்காகச் சண்டை போடுகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

பெங்களூரில் இன்று இந்த வியாபாரம் பெரும்பாலும் ஒரே ஆள் கடை. ஷட்டர் கிடையாது. வீட்டின் ஒரு அறை, ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூரியர்காரர். "சார், ப்ரீ-ஆர்டர் ஓபன். பாதி அட்வான்ஸ்" என்று செய்தி வரும். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஓர் அச்சை எப்போதும் ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒரு தவணை அடிப்பார்கள், விற்றுத் தீரும், அச்சைத் துடைத்து உள்ளே வைப்பார்கள். அடுத்த தவணை சில வருஷம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். நம் ஊர்க்காரர் ஒரு மாடலில் கொஞ்சம்தான் தருவிப்பார், முதலீடு அவ்வளவுதான். ஆகவே கண்ணில் பட்டதும் வாங்கிவிட வேண்டும், பூட்டுவது அப்புறம். எல்லோரும் இதையே நினைப்பதால் எல்லாம் உடனே தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துவிடுவதால் எல்லோரும் இதையே நினைக்கிறார்கள். இதன் முடிவு எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் தெரியும். மேல் தட்டில் பட்டுப் புடவை இருந்த இடத்தில் போர்ஷே, ஸ்கைலைன், மஸ்டாங். எல்லாம் செல்லோஃபேன் கூடப் பிரிக்காதவை. மாமியார் சொன்னதை மருமகள் கொஞ்சம் திருத்திச் சொல்கிறாள்: "உடைஞ்ச காரை வாங்குறீங்க சரி, ஒண்ணையாவது ஒட்டுங்க." அன்று பூட்டக் கை இருந்தது, கிட் இல்லை. இன்று பூட்டாத கிட்டுக்குப் பூட்டுப் போட்ட பீரோ இருக்கிறது.

சட்டம் இந்தக் கிட்டுகளைப் பார்க்கிற பார்வைதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பு. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, பொம்மைக்கான தள்ளுவண்டி, புதிர் விளையாட்டு, அவற்றோடு அளவு குறைத்த மாடல்கள். பன்னிரண்டு வயதில் நான் ஆசைப்பட்டபோது இது ஆடம்பரப் பொருள். தலை நரைத்து வாங்கும்போது குழந்தை பொம்மை. 2020 பட்ஜெட்டில் பொம்மைக்குச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70. அதன்மேல் ஜி.எஸ்.டி. வெளிநாட்டு நண்பர் பரிசாக அனுப்பட்டுமே என்றால், தபாலிலும் கூரியரிலும் வரும் பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. என் சிநேகிதர்களில் பெண்கள் யாருமே கிட் கட்டுவதில்லை என்று அன்றுதான் வருத்தப்பட்டேன். 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருள் எதற்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் '14+' என்று அச்சாகியிருந்தால் விற்கிறவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன் என்பதற்கு ஆதார் அட்டையும் காட்டத் தயார்.

சும்மா சொல்லக்கூடாது, இந்த வரிக்குக் காரணம் உண்டு. தரமில்லாத, ஈயச் சாயம் பூசிய மலிவுப் பொம்மைகளிலிருந்து பிள்ளைகள் தப்ப வேண்டும். உள்ளூர் பொம்மைக்காரர் பிழைக்க வேண்டும். மைசூர் ரோட்டில் இருக்கும் சென்னபட்டணத்தில் அரக்குச் சாயம் ஏற்றிக் கடைகிற மரப்பொம்மைகளுக்காக என்றால் நானும் கைதட்டுவேன். ஆனால் சென்னபட்டணத்துக்காரர் 24-இல் ஒரு பங்கில் நிஸ்ஸான் ஸ்கைலைன் கடைவதில்லை. என் 70 சதவீதத்தால் அவருக்கு ஒரு மரக் குதிரைகூடக் கூடுதலாக விற்றிருக்காது.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் பூட்டாமல், கழற்றிய நிலையில் வருகிற நிஜக் காரின் கிட்டுக்கு வரி 15 சதவீதம்தான். அப்படி வருகிற ஜெர்மன் காரை 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் பூட்டுகிறார்கள். நாலே முக்கால் மீட்டர் நீளமுள்ள கிட்டைப் பூட்டினால் அது தொழில், வேலைவாய்ப்பு, திறப்பு விழா. அதே கார் இருபது சென்டிமீட்டரில் வந்தால் குழந்தை விளையாட்டு, 70 சதவீதம். என்னால் முடிந்தது ஒன்றுதான்: நிஜக் காரை இறக்குமதி செய்து வீட்டில் பூட்டுவது. விகிதத்தில் லாபம். நிறுத்தத்தான் இடமில்லை.

உச்சம் இன்னும் இருக்கிறது. என் இளமையின் ஏர்ஃபிக்ஸ் 1981-இல் கடனில் மூழ்கி, கை மாறி, 2006-இல் ஹார்ன்பி கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. பத்து வருஷத்துக்கு முன் ஆசையாக ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டியைத் தருவித்து, தீர்வை கட்டி, பிரித்து, ஓரத்தில் பார்த்தால் 'மேட் இன் இந்தியா'. அந்த ஆண்டுகளில் அவர்கள் கிட்டுகளில் பலவும் இந்தியாவில்தான் வார்க்கப்பட்டன. இங்கே வார்த்து, அங்கே போய், இங்கிலாந்துப் பெட்டி என்று திரும்பி வந்த சரக்குக்கு நான் இறக்குமதி வரி கட்டினேன். ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் மேஜைக்கு அடியில் கிடைத்தது இதைவிட நேர்வழி.

பூட்டியவற்றுக்கு வருஷத்தில் ஒருமுறை பொதுவாழ்வு உண்டு. அது நவராத்திரி. எங்கள் தெருத் தமிழ் வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே பார்க் போடுவார்கள். கடுகு விதைத்த வயல், கண்ணாடிக் குளம், ரோடு. ரோட்டுக்குக் கார் வேண்டும். ஆளனுப்பிக் கேட்பார்கள், நானும் எடுத்துப் போவேன். அங்கே அளவு என்ற சாத்திரம் செல்லாது. மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை என் லம்போர்கினியைவிட உயரமாக உட்கார்ந்திருக்கும். குளத்து வாத்து ஹெரால்டை விழுங்கப் பார்க்கும். ஆயுத பூஜையன்று எல்லாக் கார்களுக்கும் சந்தனம், குங்குமம். 24-இல் ஒன்று காரின் பானட்டில் மாமி வைக்கிற பொட்டு, நிஜக் காரின் கணக்கில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஏர்பிரஷில் ஒரு வாரம் அடித்த பெயின்ட். ஆனால் அந்தப் பார்க்கில்தான் பிள்ளைகள் உட்கார்ந்து, தொடாமல், கண்ணால் காரை ஓட்டுகிறார்கள். அதில் ஒரு பையன் போன வருஷம் என்னைக் கேட்டான்: "அங்கிள், அம்பாசடர் இல்லையா?"

இல்லை. டாமியா கம்பெனி 1976-இல் வந்த போர்ஷே 934 கிட்டுக்காக ஒரு போர்ஷே காரையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி அளந்தது. மாடல் உலகில் அதைப் புராணம் போலச் சொல்வார்கள். சிவாஜிநகரின் பழைய சாமான் சந்தையான குஜிரியில் கார்களை அக்கக்காகக் கழற்றுவது அன்றாடம்; போர்ஷே வரை போகவேண்டாம், அம்பாசடரை எந்த நட்டு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். அளக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து 2014 மே வரை உத்தரபாராவில் வந்துகொண்டிருந்த கார், மந்திரி முதல் பிணம் வரை ஏற்றிய கார். அதற்கு ஒரு பிளாஸ்டிக் கிட் பெட்டியை நான் இன்றுவரை எந்தக் கடையிலும் கண்டதில்லை. டெல்லி சென்ட்டி டாய்ஸின் இழுத்துவிட்டால் ஓடுகிற அம்பாசடர் உண்டு. நல்ல பொம்மை, ஆனால் பூட்டியே வருகிறது. சிறுவயதில் நாங்கள் 501 பார் சோப்பில் அம்பாசடர் செதுக்கினோம். மட்கார்டு வளைவு கைக்கு வருவதற்குள் அம்மா துணி துவைத்துவிடுவாள். டாமியாவின் வில்லிஸ் ஜீப்பை வாங்கினால் கொஞ்சம் மாற்றி மகிந்திரா ஆக்கிவிடலாம். ஏரிக்கரையில் மெட்ராஸ் சேப்பர்ஸ் படைத் தம்பிகள் ஓட்டியதைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். அம்பாசடரை எதிலிருந்தும் மாற்ற முடியாது. மான்டே கார்லோவில் ஓடிய கார் அத்தனையும் அல்சூரில் பூட்டலாம். அல்சூரில் ஓடிய காரை எங்கேயும் பூட்ட முடியாது.

அம்பாசடர் கிட் செய்ய இப்போது ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்லவேண்டாம். பீன்யாவில் இழையளவு பிசகாமல் எஃகு அச்சு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜாஜிநகரில் அரசு டூல் ரூமே இருக்கிறது. ஏர்ஃபிக்ஸுக்கு வார்த்துப் பழகிய கைகளும் இந்த நாட்டில்தான் இருக்கின்றன. வாங்குகிறவர்கள்? சூப்பர் மார்க்கெட்டில் ஹாட் வீல்ஸ் அட்டைகளைக் கிளறி நிற்கும் சாஃப்ட்வேர் இளைஞர்களைப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேரின் தாத்தா அம்பாசடரோ ஃபியட்டோ வைத்திருந்தவர். உரிமம் வாங்கத்தான் கொஞ்சம் தூரம் போகவேண்டும். அம்பாசடர் என்ற பெயரை 2017 பிப்ரவரியில் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்ஸின் பூஜோவுக்கு விற்றுவிட்டார்கள். பூஜோவும் ஃபியட்டும் 2021-இல் ஸ்டெல்லான்டிஸ் என்று ஒரே குடும்பமாகிவிட்டன. நம் தெருவில் ஐம்பது வருஷம் ஜென்மப் பகையாக நின்ற இரண்டு கார்களும் ஐரோப்பாவில் சம்பந்தியாகிவிட்டன. ஒரே கடிதத்தில் இரண்டுக்கும் அனுமதி கேட்டுவிடலாம்.

ஆகவே பீன்யா அச்சுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். 24-இல் ஒரு பங்கு அம்பாசடர், நீளம் 18 சென்டிமீட்டர். கிரில் குரோமில் வேண்டும். வெள்ளை சீட் கவருக்கும் பின்கண்ணாடித் திரைக்கும் ஒரு சட்டம். கூரையில் சிவப்பு விளக்கு தனிப் பாகமாக, வேண்டாதவர்கள் ஒட்டாமல் விடலாம். இங்கேயே செய்வதால் 70 சதவீதம் கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றால் பானட்டிலேயே குத்திக்கொள்ளுங்கள். முதல் பெட்டி எனக்கு, முழுப் பணமும் முன்பணமாக. அதை பீரோவில் வைக்கமாட்டேன் என்று என் மனைவி முன்னிலையில் எழுதிக் கொடுக்கிறேன்.